பாலிமர் கலந்த பாரஃபின் மெழுகு: டர்பன் வெயிலுக்குத் தாங்குமா?

நோயறியும் ஆய்வகத்தில் திசுத் துண்டை மெழுகில் பொதிந்து கட்டியாக்கி (பிளாக்), நுண்ணோக்கியில் பார்க்க மெல்லிய சீவலாக (செக்‌ஷன்) வெட்டுவார்கள். அதற்கான மெழுகு இது. குருணையாக வரும் இதன் உருகுநிலை 56–58 டிகிரி செல்சியஸ். பாலிமர் சேர்ந்திருப்பதால் 4 மைக்ரான் செக்‌ஷன் உதிராமல், நீளமான ரிப்பனாக வருகிறது. சாதாரண மெழுகைவிட விலை கூடுதல்தான். வீணாகும் பிளாக்குகளைக் கணக்குப் பார்த்தால் கட்டுப்படியாகும்.

மெழுகை உருக்கும் தொட்டியை 60–62 டிகிரியிலேயே வையுங்கள். சீக்கிரம் உருகட்டும் என்று சூட்டை ஏற்றினால் பாலிமர் கெடும், திசுவும் முறுகிப்போகும்.

மெழுகுக்கு முந்தைய படிகளில் விட்ட பிழையை எந்த மெழுகும் சரிசெய்யாது. திசு 3–4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால், அதைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின் நடுவரை இறங்காது. ஆல்கஹாலில் நீர் முழுதாகப் போகாவிட்டால், பிளாக் ஆறியதும் திசு குழிவிழுந்து உள்வாங்கும். நகத்தால் தொட்டாலே கொழகொழக்கும். பிளாக்கில் சைலீன் (ஆல்கஹாலை நீக்கும் கரைப்பான்) வாசம் அடித்தால் மெழுகை மாற்றும் நாள் தாண்டிவிட்டது என்று பொருள்.

பிளாக் வார்க்கும் அச்சில் முதலில் மெல்லிய மெழுகுப் படலம், அதன்மேல் திசு. தோலைப் படுக்கவைக்காதீர்கள், எல்லா அடுக்கும் தெரியும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். குடல்வால் துண்டு வட்டமாகத் தெரியவேண்டும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜனவரி கோடைக்காலம். அந்தப் புழுக்கத்தில் பிளாக் இளகி, செக்‌ஷன் சுருங்கி மடிகிறது. வெட்டுமுன் ஈரப் பனிக்கட்டியில் 10 நிமிடம் வைத்தால் போதும். ஃப்ரீசரில் போட்டால் விரிசல்விடும்.

லோட்‌ஷெடிங் என்னும் மின்வெட்டு நேரத்தில் தொட்டி உறைந்தால் மெழுகுக்குச் சேதமில்லை. திசுவை இந்தப் படிகள் வழியே தானாகக் கொண்டுபோகும் பிராசசர் இயந்திரத்துக்குள் பாதியில் நிற்கும் திசுதான் கவலை. அதற்கு யூபிஎஸ் இல்லாமல் முடியாது.