லீயா, எட்வர்ட்டா: எந்த இரத்தக்காட்டேரி வடிவு?

கல்லடியில் இருக்கிற என் மச்சாளிடம் கேட்டால் யோசிக்காமல் எட்வர்ட் என்பாள். 2008இல் வந்த ‘ட்வைலைட்’ படத்தில் எட்வர்ட் என்ற இரத்தக்காட்டேரியாக நடித்த ரொபேர்ட் பட்டின்சன் வடிவுதான், மறுக்கவில்லை. காதலியின் இரத்தத்துக்கு ஏங்கியபடியே தன்னை அடக்கிக்கொள்கிற தவிப்பு நன்றாக எடுபடுகிறது. ஆனால் வெயிலில் மினுங்குகிற தோல்? மட்டக்களப்பு வெயிலுக்கு நாங்களே மினுங்குகிறோம்!

என் வாக்கு 1958இல் டிராகுலாவாக வந்த கிறிஸ்டோபர் லீக்கு. 6 அடி 5 அங்குல உயரம், கறுப்பு மேலங்கி, கனத்த குரல். படியிறங்கி வந்து மரியாதையாக விருந்தாளியை வரவேற்கிறார். அதே மனிதர் பிறகு கண் சிவந்து, வாயில் இரத்தத்தோடு நிற்கிறார். அந்த மாற்றம்தான் கவர்ச்சி. பேச்செல்லாம் தொடக்கத்தில் மட்டும், அப்புறம் பார்வைதான். எட்வர்ட் போல மன்னிப்புக் கேட்டுத் திரிவதில்லை.

“அவர் கிழவன் கா” என்கிறாள் மச்சாள். நடித்தபோது லீக்கு 35 வயதுதான்.