16 டெராபைட்டில் முட்டும் கோப்பு: எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ்

வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்க லினக்ஸில் பயன்படும் கோப்பு முறைமைகள் (ஃபைல் சிஸ்டம்) எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ். வால்யூம், அதாவது ஒரு கோப்பு முறைமை ஆளும் மொத்த இடத்தின் அளவில் எக்ஸ்ட்4 1 எக்சாபைட் (சுமார் 10 லட்சம் டெராபைட்) வரை போகும், எக்ஸ்எஃப்எஸ் 8, பிடிஆர்எஃப்எஸ் 16. நம்மைப் பொறுத்தவரை இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். வேலையில் நிஜமாகவே குறுக்கே நிற்பது வேறோர் எண்: எக்ஸ்ட்4-இல் தனியொரு கோப்பு 16 டெராபைட்டை எட்ட முடியாது.

வட்டில் ஒரு பிளாக் (இடத்தைப் பிரிக்கும் அடிப்படைத் துண்டு) எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்ட்4 48 பிட்டில் குறித்துவைக்கிறது. கோப்புக்குள் அது எத்தனையாவது பிளாக் என்பதற்கோ 32 பிட்தான். வழக்கமான 4 கிலோபைட் பிளாக்கால் பெருக்கிப் பாருங்கள். முதலாவது 1 எக்சாபைட், இரண்டாவது 16 டெராபைட். இதைச் சோதிக்கப் பெரிய வட்டு தேவையில்லை. கோப்பின் அளவை நிர்ணயிக்கும் ‘ட்ரன்கேட்’ கட்டளையிடம் 15 டெராபைட் வெற்றுக் கோப்பு கேட்டால் சாதாரண மடிக்கணினியிலும் மறுபேச்சின்றி உருவாக்கும், ஏனென்றால் எழுதப்படாத பகுதி வட்டில் இடம் பிடிப்பதில்லை. 16 என்று கேட்டால், கோப்பு மிகப் பெரியது என்று மறுத்துவிடும். எக்ஸ்எஃப்எஸ் அதையும் ஏற்கும்.

எக்ஸ்எஃப்எஸ் 1990களில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் தன் இயங்குதளமான ஐரிக்ஸுக்காக 64 பிட் கணக்கிலேயே வடிவமைத்தது. அதில் ஒரு கோப்பே 8 எக்சாபைட் வரை வளரலாம். பிடிஆர்எஃப்எஸ்ஸின் 16 எக்சாபைட் கோப்பு லினக்ஸில் 8 ஆகக் குறைவதற்கு அதன் மையப்பகுதியான கெர்னல்தான் காரணம்: கோப்புக்குள் இருக்கும் இடத்தை அது எதிர்மறையும் ஏற்கும் 64 பிட் எண்ணில் வைக்கிறது, ஒரு பிட் கூட்டல்-கழித்தல் குறிக்கே போய்விடுகிறது.

ஏட்டு அளவும் ஆதரவு அளவும் ஒன்றல்ல. நிறுவனங்களுக்கான லினக்ஸ் பதிப்பான ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் எக்ஸ்ட்4 வால்யூமுக்கு 50 டெராபைட் வரைதான் ஆதரவு. எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு 1 பெட்டாபைட் (1,024 டெராபைட்). எக்ஸ்ட்4 கெர்னலில் 2008-இல் நிலைபெற்றது. 16 டெராபைட்டுக்கு மேற்பட்ட வால்யூமை உருவாக்கும் கருவிகளோ 2011-இல்தான் வெளிவந்தன.

அப்படியானால் எக்ஸ்எஃப்எஸ்தானா? மெய்நிகர் இயந்திரங்களின் வட்டுப் படிமங்களும் தரவுத்தளக் காப்புப் பிரதிகளும் பெருகும் சர்வருக்கு, யோசிக்காமல் அதுதான். பல கோடிச் சிறு கோப்புகளுக்கும் அதுவே மேல்; எக்ஸ்ட்4-இல் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் விவரப் பதிவு) எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும். ஆனால் எக்ஸ்எஃப்எஸ்ஸை விரிக்கலாமே தவிர, நடைமுறையில் சுருக்க முடியாது. பார்ட்டிஷன்களைக் கூட்டிக் குறைக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு எக்ஸ்ட்4 போதும்; அன்மவுண்ட் செய்து (பயன்பாட்டிலிருந்து விலக்கி) சுருக்கிக்கொள்ளலாம். பிடிஆர்எஃப்எஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருங்கும். என்றாலும் அதைத் தேர்ந்தெடுப்பதற்கு, ஒரு கணத்தின் நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டுதான் காரணமாக இருக்க வேண்டும், அளவு அல்ல.

பழைய எக்ஸ்ட்4 வால்யூமை 16 டெராபைட்டுக்கு மேல் விரிக்கப்போகிறவர்கள், வட்டு பிளாக் எண்களை 32 பிட்டுக்கு மேல் கொண்டுபோகும் ‘64பிட்’ வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், அன்மவுண்ட் செய்து அதை இயக்கிய பிறகே விரிக்க முடியும்.