பத்தடித் தெருவுக்கு எந்தக் கார்? பஞ்ச், எக்ஸ்டர், வேகன் ஆர்

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் யாரிடமாவது கார் வாங்கப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். "உயரமான வண்டியாப் பாருப்பா, மழைக்குத் தாங்கணும்" என்பதுதான் முதல் பதிலாக வரும். நானும் அங்கிருந்துதான் தேட ஆரம்பித்தேன். கடைசியில் மூன்று வண்டிகள் மிஞ்சின: டாடா பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர், மாருதி வேகன் ஆர். வாங்கியது வேகன் ஆர். மூன்றில் பார்க்கச் சுமாரான வண்டி அதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை.

விலை, மைலேஜ், சர்வீஸ் பற்றி நிறையப் பேச ஒன்றுமில்லை. மூன்றும் நாலு மீட்டருக்குள் அடங்கும் 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டிகள். 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியபோது மூன்றுக்குமே விலை குறைந்தது. பஞ்சில் மூன்று சிலிண்டர் இன்ஜின், சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் லேசான அதிர்வு தெரியும். மற்ற இரண்டிலும் நாலு சிலிண்டர். வேகன் ஆரில் 1.0 லிட்டர் இன்ஜினும் கிடைக்கிறது, அது மட்டும் மூன்று சிலிண்டர். குடும்பத்தோடு மேம்பாலம் ஏற வேண்டுமென்றால் 1.2 எடுப்பதே நல்லது.

அடுத்து மழைத் தண்ணீர். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி பஞ்சில் 187 மி.மீ., எக்ஸ்டரில் 185, வேகன் ஆரில் 165. வித்தியாசம் ஓர் அங்குலம்கூட வராது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்புகிற நாளில் அந்த ஓர் அங்குலத்தை நம்பி யாரும் இறங்கக் கூடாது, பஞ்சே ஆனாலும். இன்ஜின் போவது உயரக் குறைவால் மட்டும் அல்ல. காற்று இழுக்கும் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்விட்டால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எதிரே வரும் பஸ் கிளப்புகிற ஒரு அலையே அதற்குப் போதும். நடுத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் பதறிப்போய் மறுபடி சாவியைத் திருகுவதுதான் கதையை முடிக்கிறது. சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசியில் பொதுவாக இந்தச் செலவுக்குப் பணம் வராது. இன்ஜின் புரொடெக்ட் என்று தனியாக ஒரு கவர் இருக்கிறது, அதைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த வண்டி வாங்கினாலும் இது பொருந்தும். உயரம் உண்மையாகவே உதவுவது வேறு இடத்தில்: ரோட்டை விட மேலே துருத்தி நிற்கும் மேன்ஹோல் மூடிகள். ஐந்து பேர் ஏறினால் வேகன் ஆரின் அடிவயிறு அங்கே உரசத்தான் செய்யும்.

என்னை முடிவெடுக்க வைத்தது அகலம். இதை எந்த ஷோரூமிலும் பேச மாட்டார்கள். பஞ்ச் 1,742 மி.மீ., எக்ஸ்டர் 1,710, வேகன் ஆர் 1,620. காகிதத்தில் பார்த்தால் பெரிதாகத் தெரியாது. எங்கள் தெரு பத்தடி, அதாவது ஏறக்குறைய 3,050 மி.மீ. ஆட்டோவின் அகலம் சுமார் 1,300. கூட்டிப் பாருங்கள். பஞ்சும் ஆட்டோவும் எதிரெதிரே வந்தால் மிச்சம் 8 மி.மீ., எக்ஸ்டர் என்றால் 40, வேகன் ஆர் என்றால் 130. இது பக்கக் கண்ணாடியை மடக்கிய கணக்கு. தெரு முழுக்கக் காலியாக இருக்க வேண்டும் என்பதும் இதில் சேர்த்தி. எங்கள் பக்கத்தில் வீட்டுப் படி, தண்ணீர் பிடிக்கும் டிரம், சாய்த்து நிறுத்திய பைக் இல்லாத தெரு எங்கே இருக்கிறது? படி முடிந்து கொஞ்சம் விரியும் இடத்தில் வேகன் ஆர் ஒதுங்கிக்கொள்ளும், ஆட்டோ போய்விடும். என் மச்சான் பஞ்ச் வைத்திருக்கிறார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் யாராவது ஒருவர் தெருமுனை வரை ரிவர்ஸ் எடுத்தாக வேண்டும். யார் எடுப்பது என்ற பேச்சு தனி.

அகலத்தைப் பராமரிப்புச் செலவாகவும் பார்க்க வேண்டும். சந்தில் விழுகிற உரசல் எல்லாம் சின்னச் சின்னது. கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். முதல் வருஷம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் 20 சதவீதம், ஐந்து வருஷம் தொடர்ந்தால் 50 சதவீதம் வரை நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில் கழிவு கிடைக்கும். அதை விடக் கூடாது என்று டிங்கரிங், பெயின்டிங் செலவை நாமே கையிலிருந்து கொடுப்போம். கொஞ்ச நாளில் அடுத்த கோடு விழும். விற்கப் போகும்போது வாங்குகிறவர் முதலில் தடவிப் பார்ப்பதும் கோடு விழுந்த அந்தக் கதவைத்தான்.

பஞ்சின் கதவுகள் கிட்டத்தட்ட 90 டிகிரி திறக்கும் என்று விற்பனையாளர் திறந்தே காட்டினார். நல்ல வசதிதான், அவ்வளவு திறக்கப் பக்கத்தில் இடம் இருந்தால். அப்பாவுக்கு முழங்கால் வலி. வேகன் ஆரின் சீட் உயரமாக இருப்பதால் குனியாமல், இறங்காமல், நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்துவிடுகிறார். முட்டுத் திருப்பங்களை ஒரே வளைவில் எடுக்கலாம், வண்டி திரும்பத் தேவைப்படும் வட்டத்தின் ஆரம், அதாவது டர்னிங் ரேடியஸ், 4.7 மீட்டர்தான் என்பது அங்கே வேலை செய்கிறது. இந்த ஒடுக்கத்துக்கு விலையும் உண்டு. பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் பாவம்.

உப்புக் காற்றை மூன்று வண்டியும் ஒரே மாதிரிதான் வாங்கிக்கொள்ளும். காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகள் ஐஸ் தண்ணீரை வழியெல்லாம் சிந்திக்கொண்டு போகின்றன. அதன் பின்னாலேயே போனால் உப்பு நேராக நம் வண்டியின் அடியில்தான். மேலே பாலிஷ் போடுவதை விட வாட்டர் வாஷில் அடிப்பக்கத்தை நன்றாக அடிக்கச் சொல்லுங்கள். அண்டர்பாடி கோட்டிங் வண்டி புதிதாக இருக்கும்போதே அடித்துவிடுவது நல்லது, துரு பிடித்த பிறகு அடித்தால் துருவை மூடி வைத்ததாகத்தான் ஆகும்.

பஞ்ச் பக்கம் இருக்கும் பெரிய நியாயத்தை நான் மறைக்கப் போவதில்லை. வண்டிகளை மோதவிட்டுப் பாதுகாப்பைப் பார்க்கும் குளோபல் என்கேப் அமைப்பின் 2021 சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் அது ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2023இல் சோதித்த வேகன் ஆருக்கு ஒன்றே ஒன்று. அதன்பின் ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்டிலும் வந்திருக்கிறது. ஆனால் ஏர்பேக் வேறு, வண்டிக் கூட்டின் உறுதி வேறு. தினமும் எண்ணூர் நெடுஞ்சாலையிலோ மணலி ரோட்டிலோ கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய் வருகிறவர், ஜி.என்.டி. ரோட்டில் கும்மிடிப்பூண்டி வரை வேலைக்குப் போகிறவர் இந்தக் கட்டுரையில் அகலம் பற்றிய பகுதியை மறந்துவிட்டுப் பஞ்சே வாங்கட்டும். பக்கத்தில் டிரெய்லர் வேகமாகக் கடந்தால் வேகன் ஆர் காற்றுக்கு ஆடுகிறது, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. என் ஓட்டம் பெரும்பாலும் பள்ளிக்கூடம், மூலக்கொத்தளம், பெரம்பூர் ரயிலடி, ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதது. அதனால்தான் எனக்கு இது சரிப்பட்டது.

எக்ஸ்டரை டெஸ்ட் டிரைவில் ஓட்டியதோடு சரி, ஆகவே அதைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். மூன்று வண்டிகளில் அதன் இன்ஜின்தான் மென்மையாக இருந்தது, டிக்கியும் 391 லிட்டர். சொந்தமாக கேட் போட்ட பார்க்கிங், இருபதடித் தெரு என்று கொளத்தூர், மாதவரம் பக்கம் இருப்பவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம்.

சி.என்.ஜி. யோசிப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. வேகன் ஆரில் ஒரே பெரிய கேஸ் சிலிண்டர், டிக்கியை விழுங்கிவிடும். பஞ்சிலும் எக்ஸ்டரிலும் இரண்டு சின்னச் சிலிண்டர்களைத் தரையோடு படுக்க வைத்திருப்பதால் பை வைக்க இடம் மிஞ்சும். நான் பெட்ரோலே எடுத்தேன், ஊருக்குப் போனால் அம்மா கட்டிக் கொடுக்கும் மூட்டைகளுக்கு டிக்கி வேண்டுமே.