ஹேவுட்டும் மர்ரேலிங்க்கும்: கோபுரப் பாதையா, புதைகேபிளா?

தெற்கு ஆஸ்திரேலியாவின் மின்கட்டமைப்பு விக்டோரியாவுடன் இரு வழிகளில் இணைந்திருக்கிறது. தென்கிழக்கில் கோபுரங்கள் தாங்கிச் செல்லும் 275 கிலோவோல்ட் மாறுதிசை மின்பாதை, ஹேவுட் இணைப்பு. அதற்கு வடக்கே ரெட் கிளிஃப்ஸிலிருந்து பெர்ரி வட்டாரம் வரை சுமார் 180 கிலோமீட்டர் மண்ணுக்கடியில் செல்லும் நேர்திசைக் கேபிள், 2002இல் இயங்கத் தொடங்கிய மர்ரேலிங்க்.

மாறுதிசை மின்சாரத்தையே புதைத்து அனுப்பியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். கேபிளின் கடத்தியும் உலோக உறையும் சேர்ந்து நீண்டதொரு மின்தேக்கியாகிவிடுவதால், விநாடிக்கு 50 சுழற்சிகளில் அதை நிரப்பிக் காலி செய்வதற்கே கேபிளின் கொள்ளளவில் பெரும்பகுதி போய்விடும். தொலைவு கூடக் கூட, பயனுக்கு மிஞ்சுவது குறையும். நேர்திசையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மாறுதிசையை நேர்திசையாகவும், நேர்திசையை மீண்டும் மாறுதிசையாகவும் மாற்றும் நிலையங்களை இரு முனைகளிலும் கட்டியாக வேண்டும். செலவு ஏறுவது அங்கேதான், மின்சாரத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாவதும் அங்கேதான்.

நிலத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு கேபிளுக்கே. ±150 கிலோவோல்ட் கேபிள் இரண்டுக்கு ஒடுங்கிய அகழி போதும்; கோபுரப் பாதைக்காக மரங்களை அகலமாக வெட்ட வேண்டியதில்லை. பழுதானால் நிலைமை தலைகீழ்: அறுந்த கம்பி கண்ணுக்குத் தெரியும், கேபிளிலோ பழுதான இடத்தைக் கருவி வைத்துக் கண்டுபிடித்து, தோண்டி, வெட்டி இணைத்து மூட வேண்டும்.

நெருக்கடியில் இரண்டும் நடந்துகொள்ளும் விதம்தான் முக்கியமான வேறுபாடு. 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயல் மின்கோபுரங்களைச் சாய்த்து, காற்றாலைகளின் உற்பத்தியும் திடீரெனக் குறைந்தபோது, அந்தப் பற்றாக்குறை முழுவதும் ஹேவுட் வழியே பாய்ந்தது. பாதுகாப்புக் கருவிகள் அதைத் துண்டிக்க, சுமார் 8,50,000 நுகர்வோர் இருளில் மூழ்கினர். மாறுதிசை இணைப்பு யாரும் சொல்லாமலே உதவிக்கு ஓடும். அதே வேகத்தில் மிகைச்சுமையில் சிக்கவும் செய்யும். நேர்திசை இணைப்பு கட்டளையிட்ட அளவை மட்டுமே சுமக்கும். அதனால் அது தானாக மிகைச்சுமையில் சிக்காது என்றாலும், மர்ரேலிங்க்கின் 220 மெகாவாட் ஒரு மாநிலத்தைத் தாங்கப் போதாது. போதாக்குறைக்கு, அதன் இரு முனைகளிலும் உள்ள உள்ளூர் மின்பாதைகள் வலுவற்றவை என்பதால் அந்த 220ஐயும் எப்போதும் முழுமையாகப் பயன்படுத்த முடிவதில்லை.

ஆகவே நியூ சவுத் வேல்ஸுக்கான 800 மெகாவாட், சுமார் 900 கிலோமீட்டர் எனர்ஜிகனெக்ட் திட்டத்துக்கு 330 கிலோவோல்ட் கோபுரப் பாதையையே தேர்ந்தெடுத்ததில் எனக்கு வியப்பில்லை; ஹேவுட் துண்டிக்கப்பட்டாலும் மாநிலம் மற்ற மாநிலங்களுடன் ஒரே அதிர்வெண்ணில் பிணைந்திருக்க, இரண்டாவது மாறுதிசை இணைப்பு ஒன்று அதற்குத் தேவைப்பட்டது.