‘ஸ்டீராய்டு இல்லாத மூலிகைக் களிம்பு’ என்று சொல்லி விற்றார்கள்: கரப்பான் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு

வாட்ஸ்அப் மூலமாகவோ தெரிந்தவர் சொல்லியோ வாங்கிய, என்ன சேர்த்திருக்கிறது என்றே எழுதாத ‘மூலிகை’ களிம்பைப் பல வாரங்களாக உங்கள் பிள்ளைக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் இதைப் படித்த பதற்றத்தில் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அந்த டப்பாவோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுத்த நாளே தோல் மருத்துவரிடமோ குழந்தை மருத்துவரிடமோ போங்கள். காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன். பிள்ளை துவண்டு கிடந்தாலோ வாந்தி, காய்ச்சல் இருந்தாலோ விடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

எங்கள் பாப்பாவுக்கு நாலாம் மாதம் கன்னத்தில் ஆரம்பித்தது. சிவந்துபோய், செதில் செதிலாக, சில நாள் நீர் கசியும். தவழும்போது முழங்கையும் மணிக்கட்டும். நடக்க ஆரம்பித்தபிறகு முழங்காலுக்குப் பின்னால் உள்ள மடிப்பு. ஈரோட்டில் எங்கள் குழந்தை மருத்துவர் இது அட்டோபிக் எக்சிமா, கரப்பானில் ஒரு வகை என்றார். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது, எனக்கு இன்றைக்கும் காலையில் எழுந்தால் அடுக்குத் தும்மல். மூன்றும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவது வழக்கம்தான் என்று விளக்கினார். இந்தப் பிள்ளைகளின் தோலுக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் சக்தி குறைவு. காய்ந்தால் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும், புண்ணானால் இன்னும் அரிக்கும்.

அவர் எழுதிக்கொடுத்தது கெட்டியான ஈரப்பதக் களிம்பும், அதிகமாகும் நாட்களில் மட்டும் போட ஹைட்ரோகார்ட்டிசோன் 1% டியூபும். போட்டால் அடங்கும். பனிக்காலம் வந்தாலோ, வேர்வை கசகசவென்று நின்றாலோ, சளி பிடித்தாலோ திரும்பவும் வரும். இது முழுக்கப் போய்விடும் நோய் இல்லை, கட்டுக்குள் வைக்கவேண்டிய நோய், வளர வளர நிறையப் பிள்ளைகளுக்குத் தணியும் என்று அவர் முதல் நாளே சொன்னார். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளை இரண்டு காலையும் தேய்த்துத் தேய்த்து ரத்தம் வரவைத்துக்கொள்ளும்போது, அந்த இரு கைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்த வார்த்தை போதாது. அந்த ராத்திரிகளை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

சொந்தத்தில் ஒருவர் டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுல ஸ்டீராய்டு இருக்குதே, பொட்டப்புள்ளைக்குப் போய் இதைப் போடறீங்களே” என்றார். அதற்குப்பிறகு வீட்டில் யாருக்கும் அந்த டியூபைத் தொட மனசு வரவில்லை. அவரே ஒரு வாட்ஸ்அப் எண்ணும் கொடுத்தார். பக்கத்து மாவட்டம், பரம்பரை வைத்தியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் குணமாகியிருக்கிறது என்றார். பெயரையும் ஊரையும் இங்கே எழுதவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

போட்டோ அனுப்பிய பத்து நிமிஷத்தில் போன் வந்தது. “பயப்படாதீங்க கண்ணு. ஒரு சொட்டு ஸ்டீராய்டு கெடையாதுங்க. எல்லாம் மூலிகை, எங்க தாத்தா காலத்துப் பக்குவம். மூணே நாள்ல பாருங்க.” 50 கிராம் டப்பா 750 ரூபாய். கூரியரில் வந்தது. வெளிர்பச்சை நிறம், பச்சைக் கற்பூர வாசனை. மேலே ‘100% மூலிகை, பக்கவிளைவு இல்லாதது’ என்று ஸ்டிக்கர். சேர்மானம் இல்லை, உரிம எண் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை.

சொன்னபடியே மூன்று நாளில் தோல் பளிச்சென்று ஆனது. என் அத்தை கோயிலுக்குப் போய் விளக்கு போட்டுவிட்டு வந்தார். பாப்பா விடிய விடியத் தூங்கினாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படித் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை.

ஒரு நாள் விட்டால் முன்பைவிட அதிகமாகச் சிவந்தது. அந்த வைத்தியரிடம் கேட்டால், “உள்ள இருக்கற விஷம் வெளிய வருதுங்க, நல்லதுதான், விடாமப் போடுங்க” என்றார். போட்டால் அடங்கியது, விட்டால் எரிந்தது. முதலில் மடிப்புகளில் மட்டும் இருந்தது பிறகு வயிறு, முதுகு, முகம் என்று பரவியது. டப்பாவும் சீக்கிரம் சீக்கிரம் தீர்ந்தது. அப்புறம் ‘ஸ்பெஷல்’ என்று ஒன்று அனுப்பினார், 1,400 ரூபாய். கூடவே பத்தியம்: முட்டை கூடாது, மீன், கருவாடு கூடாது, கத்தரிக்காய் கூடாது, பால்கூட வேண்டாம். இந்தப் பத்தியத்தின் தந்திரம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. எப்போது அரிப்பு திரும்பினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “கரப்பான் பண்டம் ஏதாச்சும் குடுத்தீங்களா?” என்பதுதான். மருந்து ஒருபோதும் தோற்காது, பெற்ற தாய்தான் எதையாவது கொடுத்துக் கெடுத்திருப்பாள். வளரும் பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்தவைத்துவிட்டு, பழியையும் எங்கள் தலையில் வைத்தார்.

இதற்கு நடுவே பாப்பாவின் கன்னம் உப்பியது. முகம் வட்டமானது. பார்த்தவர்கள் எல்லோரும் “இப்பத்தான் புள்ள கொழுகொழுன்னு ஆகியிருக்கா” என்று சந்தோஷப்பட்டார்கள். நெற்றியிலும் கன்னத்தோரத்திலும் பூனைமுடி அடர்ந்தது. தொடை இடுக்கில் ஊதாவும் சிவப்புமாகக் கோடுகள். போன வருஷத்துச் சட்டை இறுக்கமாக இருந்தது, ஆனால் நீளம் அப்படியே சரியாக இருந்தது. அதாவது பிள்ளை பருத்திருக்கிறாள், உயரம் கூடவில்லை.

கோயம்புத்தூரில் தோல் மருத்துவர் அந்தக் கோடுகளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “என்ன களிம்பு போடறீங்க?” டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தார், ஸ்டிக்கரைப் படித்தார், மேஜையில் வைத்தார். காலை 8 மணிக்கு ரத்தம் எடுத்து, உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். மிகக் குறைவாக இருந்தது. களிம்பை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். உள்ளே இருந்தது குளோபெட்டாசால் புரோப்பியோனேட்.

ஸ்டீராய்டு களிம்புகளை வீரியத்தை வைத்து ஏழு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். நாங்கள் பயந்து ஒதுக்கிவைத்த ஹைட்ரோகார்ட்டிசோன் கடைசி வகுப்பு, ஏழாவது, வீரியம் மிகக் குறைந்தது. குளோபெட்டாசால் முதல் வகுப்பு, வீரியம் மிக அதிகம். பெரியவர்களுக்கே தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் போடக்கூடாது, வாரத்துக்கு 50 கிராமைத் தாண்டக்கூடாது என்று அதன் மருந்துக் குறிப்பில் இருக்கிறது. அமெரிக்கக் குறிப்பு 12 வயதுக்குக் கீழே வேண்டாம் என்றே சொல்கிறது. ஸ்டீராய்டு வேண்டாம் என்று ஓடிவந்த பெற்றோரிடம், இருப்பதிலேயே கடுமையான ஸ்டீராய்டை, ஸ்டீராய்டே இல்லை என்று சொல்லி, இரண்டரை வயதுப் பிள்ளையின் உடம்பு முழுக்கப் பூசவைத்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

சட்டென்று நிறுத்தாதீர்கள் என்று மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான். சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி உடம்புக்கு வேண்டிய கார்ட்டிசாலைத் தானே சுரக்கிறது. தோல் வழியாக ஸ்டீராய்டு உள்ளே போய்க்கொண்டே இருந்தால் அந்தச் சுரப்பு அடங்கிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு எடையோடு பார்த்தால் தோலின் பரப்பு அதிகம், அதனால் உள்ளே போவதும் அதிகம். அப்படி அடங்கிக்கிடக்கும் நேரத்தில் களிம்பை ஒரேயடியாக நிறுத்தி, கூடவே காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எங்கள் பாப்பாவுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை கொடுத்து, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துப் பார்த்துப் படிப்படியாகக் குறைத்தார்கள். காய்ச்சல் வந்தால் எவ்வளவு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்த ஊருக்குப் போனாலும் அந்த அட்டை என் கைப்பையில் இருந்தது.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கும் அநியாயம் இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் குழந்தைகளுக்குப் போட்ட ‘மூலிகை’ எக்சிமாக் களிம்புகள் 24-ஐ மருத்துவர்கள் ஆய்வுக்கு அனுப்பி, முடிவை 2003-இல் வெளியிட்டார்கள். 20 களிம்புகளில் வீரியமான அல்லது மிக வீரியமான ஸ்டீராய்டு இருந்தது. எல்லாமே ‘நன்றாகக் கேட்கிறது’ என்று பெற்றோர் சொன்ன களிம்புகள்.

சித்த மருத்துவத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அரசு மருத்துவமனையின் சித்தா பிரிவில் இருந்த மருத்துவரிடமும் அந்த டப்பாவைக் காட்டினேன். என்னைவிட அவர்தான் அதிகம் கோபப்பட்டார். கரப்பானுக்கு அருகன் தைலம் மாதிரி முறையான மருந்துகள் இருக்கின்றன, அவை ஒரே ராத்திரியில் இப்படி அடக்காது என்றார். சட்டப்படி சித்த, ஆயுர்வேத மருந்துப் பெட்டியின்மேலும் சேர்மானம், உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, தயாரித்தவர் முகவரி எல்லாம் இருக்க வேண்டும். இவை இல்லாத டப்பாவை வைத்தியர் கையால் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் டியூபிலும் இதே ஆபத்து இருக்கிறது. படர்தாமரைக்கு என்று கேட்டால் குளோபெட்டாசாலும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த டியூபைச் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. வீட்டில் கிடக்கும் டியூபை எடுத்துச் சின்ன எழுத்தைப் படித்துப் பாருங்கள்: குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பிள்ளைக்குப் போடாதீர்கள்.

இப்போது பாப்பாவுக்கு என்ன செய்கிறோம் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். புதிதாக ஒன்றும் இல்லை, முதல் மருத்துவர் சொன்னதையே அளவோடு செய்கிறோம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிஷக் குளியல். வாசனை சோப்பும் கடலைமாவும் இல்லை. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிஷத்துக்குள், ஈரப்பதக் களிம்பு. இதில் அளவுதான் முக்கியம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கிலாந்து மருத்துவ வழிகாட்டி எக்சிமாப் பிள்ளைகளுக்கு வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை சொல்கிறது. நம் வீடுகளில் 50 கிராம் டியூபைப் பொட்டு வைப்பதுபோல் வைத்து ஒரு மாதம் ஓட்டுகிறோம். விலை கட்டாது என்றால் வெறும் வெள்ளை சாஃப்ட் பாரஃபின் (பெட்ரோலியம் ஜெல்லி) போதும், வாசனை சேர்க்காததாகப் பாருங்கள்.

தோல் சிவந்து கிளம்பும் நாட்களில் சீட்டில் எழுதிய ஸ்டீராய்டு, எழுதிய நாள்வரைக்கும். பெரியவர்களின் ஆள்காட்டி விரல்நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம், விரல்களோடு சேர்த்து பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். முகத்துக்கு டாக்ரோலிமஸ் 0.03% கொடுத்திருக்கிறார்கள், அது ஸ்டீராய்டு இல்லை, இரண்டு வயதுக்கு மேல் கொடுப்பது. நகத்தை ஒட்ட வெட்டுகிறோம், பருத்தித் துணி மட்டும் போடுகிறோம். முட்டையும் பாலும் திரும்ப வந்துவிட்டன. புண்ணில் தேன் நிறத்தில் பொருக்குத் தட்டினாலோ, வலியோடு கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.

களிம்பை நிறுத்தும் காலம் கொடுமையாக இருந்தது. முகமெல்லாம் தீப்பட்டதுபோல் சிவந்து தோல் உரிந்தது. இப்போது வட்டமுகம் இறங்கிவிட்டது, உயரம் கூட ஆரம்பித்திருக்கிறது, கார்ட்டிசாலும் சரியாகிவிட்டது. தொடையில் விழுந்த கோடுகள் மங்குமே தவிர முழுதாகப் போகாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஆய்வு முடிவை அனுப்பியதும் அந்த ஆள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். மருந்து, அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து வாங்கிய மருந்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். பணத்தைத் திரும்பக் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. உங்களிடமும் இப்படி ஒரு டப்பா இருந்தால் ஆத்திரத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மீதிக் களிம்பு, ஸ்டிக்கர், கூரியர் கவர், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வையுங்கள். புகார் கொடுக்கப் போனபோது எங்களிடம் அவர்கள் முதலில் கேட்டது அவற்றைத்தான்.