புதுசு என்று சொல்லி என் தலையில் கட்டிய மதர்போர்டு

சென்னை ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறவர்கள், அதிலும் வீட்டில் பாட்டு ரெக்கார்டிங் செய்வதற்காகக் கட்டுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடமாட்டேன். கடைசியில் பேசி முடித்தபோது அப்படி ஒப்புக்கொண்டுவிட்டேன். நடந்ததைச் சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொள்ளவில்லை.

2022 நவம்பர். எங்கள் வீட்டில் மனைவி பாடுவாள், மைத்துனர் மிருதங்கம், நான் பட்டன் அமுக்குகிறவன். மார்கழி முழுக்க நாளுக்கு ஒரு பாசுரம் பதிவு செய்து உறவுக்காரர்களுக்கு அனுப்புவதாகத் திட்டம். எட்டு மைக் சொருகி ஒலியைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் பெட்டி, அதாவது இன்டர்ஃபேஸ், ஃபயர்வயர் என்ற பழைய வகை கேபிளில் ஓடுவது ஒன்று செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்திருந்தது. அதற்கேற்ற கம்ப்யூட்டர்தான் இல்லை.

இந்த வேலைக்கு மதர்போர்டில் என்ன பார்க்க வேண்டும் என்று இரண்டு மாதம் படித்துவிட்டுத்தான் போனேன். ஃபயர்வயர் கார்டு சொருக ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வேண்டும். கார்டில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் இருந்தால் நல்லது. பழைய இன்டர்ஃபேஸ்கள் அதோடுதான் சண்டை போடாமல் ஓடும். வீணை, தம்புரா சாம்பிள்கள், அதாவது முன்பே பதிந்துவைத்த ஒலிகள், மெமரியைச் சாப்பிடும் என்பதால் ரேம் ஸ்லாட் நான்கு. பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியின் மேல் சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகத் துண்டு, அதாவது ஹீட் சிங்க். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், அதன் ஃபேன் சத்தம் மைக்கில் விழும்.

எல்லாவற்றுக்கும் மேலே நேரம். ரெக்கார்டிங் மென்பொருளில் பஃபரை, அதாவது ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டின் அளவை, 128 சாம்பிள் என்று வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 மில்லிசெகண்ட். அதற்குள் கம்ப்யூட்டர் அடுத்த துண்டு ஒலியைத் தயார் செய்து தந்துவிட வேண்டும். ஏதாவது ஒரு டிரைவர் நடுவில் நந்தி மாதிரி உட்கார்ந்துவிட்டால் ஹெட்போனில் ‘டிக்’. பஃபரை 512-க்கு ஏற்றினால் டிக் போய்விடும், ஆனால் 10.7 மில்லிசெகண்ட் ஆகிவிடும். போகவர இரண்டு மடங்கு. “கை ஒரு இடத்துல இருக்கு, சத்தம் ஒரு இடத்துல இருக்கு மாப்ளே” என்று மைத்துனர் மிருதங்கத்தைக் கீழே வைத்துவிடுவார்.

கடையில் முதலில் கேட்டது ஏஎம்டியின் ரைசன் பிராசசரும் அதற்கான பி550 போர்டும். கவுண்டரில் இருந்த பையன் தலையை ஆட்டினான். “சார், ஆடியோ வேலைக்கு அது ஆகாது. யுஎஸ்பி விட்டுவிட்டுப் போவும்.” அவன் சொன்னது முழுப் பொய் இல்லை, அதுதான் விஷயமே. 500 வரிசை போர்டுகளில் யுஎஸ்பி திடீரென்று அறுந்துபோவதாகப் புகார்கள் வந்ததும், 2021 பிப்ரவரியில் ஏஎம்டி நிறுவனமே அதை ஒப்புக்கொண்டதும் உண்மை. ஆனால் அந்த ஏப்ரலிலேயே புது பயாஸ், அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள், மூலம் திருத்தம் வந்துவிட்டது. ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய வியாதியைச் சொல்லி என்னைத் தன்னிடம் ஸ்டாக் இருந்த பக்கம் திருப்பினான். நானும் திரும்பினேன்.

வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது. இன்டெல் ஐ7-12700, பி660எம் டிடிஆர்4 மதர்போர்டு 12,400 ரூபாய், 16 ஜிபி ரேம் ஒன்று. “இந்த போர்டுல ஆடியோவே சூப்பரா இருக்கும் சார், 7.1” என்று ஒரு வார்த்தை வேறு. போர்டில் இருக்கும் ஆடியோ சிப்பை நான் பயாஸில் அணைத்துத்தான் வைக்கப்போகிறேன், வெளியே இன்டர்ஃபேஸ் இருக்கிறது என்றேன். அவனுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்தது. இந்த ஆளுக்கு போர்டு எப்படி இருக்கும் என்று தெரியாது என்று அப்போது முடிவு கட்டியிருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

எட்டு எட்டாக 16 ஜிபி போடலாமே, இரண்டு ஸ்டிக்கும் இரண்டு பாதையில் சேர்ந்து டூயல் சேனலில் ஓடுமே என்று கேட்டேன். “ஒரே ஸ்டிக்கா போட்டுக்குங்க சார், பின்னாடி சேர்க்கும்போது எதையும் கழட்டி எறிய வேணாம்.” நியாயமாகத்தான் பட்டது.

“நாலு மணி நேரம் ஆவும், சாப்ட்டு வாங்க” என்றார்கள். இதுதான் என் முதல் தப்பு. அசெம்பிள் செய்யும்போது பக்கத்தில் நிற்கவில்லை. இரண்டாவது தப்பு, பில்லில் ‘மதர்போர்டு – 1’ என்று மட்டும் இருந்ததைப் பார்த்தும் பேசாமல் இருந்தது. மூன்றாவது, போர்டு வந்த அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்காதது. கேட்டிருந்தால் “குடோன்ல இருக்கு, நாளைக்கு வாங்கிக்குங்க” என்றிருப்பார்கள். கேபினெட்டின் பக்கவாட்டில் கண்ணாடி கிடையாது, தகரம். மேலே வாரண்டி ஸ்டிக்கர் வேறு.

வீட்டில் கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடியது, பத்து நிமிஷம். நான்கு மைக், பத்துப் பன்னிரண்டு டிராக் என்று சேரச் சேர டிக், டிக். எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தேன், நெட்வொர்க் டிரைவர் மேலே நின்றது. லேன் போர்ட்டை முடக்கியதும் பாதி குறைந்தது. மீதி போகவில்லை. பிராசசர் வேகத்தைக் கவனித்தபோது, மிக்ஸிங் நீண்டால் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடியது அப்படியே 2-க்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது. 12700 முழு மூச்சில் 180 வாட் வரை இழுக்கும். அந்தச் சூட்டைத் தாங்காத போர்டு, பிராசசரின் கழுத்தைப் பிடித்துவிடும்.

அப்போதும் கடையைச் சந்தேகப்படவில்லை. மெமரி போதவில்லையோ என்று நினைத்து இன்னொரு 16 ஜிபி ஸ்டிக் வாங்கிவந்து, ஸ்டிக்கரைக் கிழித்துத் திறந்தேன். ரேம் ஸ்லாட் இரண்டே இரண்டு. பிராசசரைச் சுற்றி ஹீட் சிங்க் என்று ஒரு துண்டு அலுமினியம்கூட இல்லை. கேபினெட்டை மூடிக் கம்ப்யூட்டரை ஆன் செய்து சிபியு-இசட் மென்பொருளில் மெயின்போர்டு பக்கத்தைப் பார்த்தேன். கொட்டேஷனில் இருந்த பி660எம் இல்லை, எச்610. அப்போது ஏழாயிரம் ரூபாய்க்குக் கிடைத்த போர்டு. முதல் நாளே இந்த ஒரு பக்கத்தைப் பார்த்திருந்தால் அன்று சாயங்காலமே போய் நின்றிருப்பேன். இரண்டு நிமிஷ வேலை.

சரி, எச்610 என்றாலும் இரண்டாவது ஸ்லாட் இருக்கிறதே என்று புது ஸ்டிக்கைச் சொருகினேன். திரை வரவில்லை. இடம் மாற்றினேன். பழைய ஸ்டிக்கை அங்கே போட்டாலும் அதே கதை. அந்த ஸ்லாட் செத்துக்கிடந்தது.

தாம்பரத்தில் தெரிந்த டெக்னீஷியனிடம் கொண்டுபோனேன். பிராசசரைக் கழற்றி, வாட்ச் ரிப்பேர்காரர் மாதிரி லென்ஸ் வைத்துப் பார்த்தார். இன்டெலின் இந்த 1700 சாக்கெட்டில் பின்கள் பிராசசரில் இல்லை, போர்டில்தான் இருக்கும். தலைமுடி மாதிரி மெல்லிசு. அதில் ஒரு ஓரத்தில் மூன்று பின் சாய்ந்திருந்தன. சாய்ந்த இடத்தில், பிராசசரின் சூட்டைக் கடத்த மேலே தடவும் தெர்மல் பேஸ்ட், காய்ந்துபோய். “அண்ணா, இதுல ஏற்கெனவே ஒருத்தர் பிராசசர் போட்டு எடுத்திருக்காங்க. பின் போனா அந்தப் பக்கத்து ரேம் சேனல் தெரியாது. அதான் உங்களுக்கு ஒரே ஸ்டிக் போட்டுக் குடுத்திருக்கான்.”

‘பின்னாடி சேர்க்கும்போது கழட்ட வேணாம்’ என்று அவன் சொன்னது காதில் ஓடியது.

போர்டு கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்தார்கள். அதே போர்டு எட்டு மாதம் முன்பே அவர்களிடம் வந்து, பின் வளைந்தது வாரண்டியில் வராது என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. புது போர்டு வாங்கும்போது சாக்கெட் மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும், பிராசசர் பொருத்தும்போது அது கழன்றுவரும். அந்த மூடியையும் பெட்டியையும் கையோடு வாங்கிவர வேண்டும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

கடைக்குப் போனால், எதிர்பார்த்ததுதான். “ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கு. நீங்கதான் சார் நோண்டியிருப்பீங்க.” முதலாளி இரண்டு நாள் ஊரில் இல்லை, மூன்றாம் நாள் மீட்டிங்கில் இருந்தார். என் கையில் இருந்தது இரண்டே விஷயம். பி660எம் என்று எழுத்தில் இருந்த வாட்ஸ்அப் கொட்டேஷன், சர்வீஸ் சென்டர் தந்த தேதி போட்ட சீட்டு. 1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிந்து, புகார் எண்ணைக் கடைக்கு அனுப்பினேன். 5 லட்சம் வரை பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, வக்கீல் வைக்காமல் நானே வாதாடலாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அன்று மாலையே முதலாளி மீட்டிங்கிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

12,400-க்கு 9,000 திரும்பக் கிடைத்தது. முழுசாகக் கேட்டு ஆணையத்துக்கே போயிருக்கலாம் என்று மனைவி இன்றும் சொல்கிறாள், அவள் சொல்வதுதான் சரி. மார்கழி போய்விட்டது. தை பிறந்த பிறகு வேறொரு கடையில், பெட்டியை என் கண் முன்னால் பிரித்து, பில்லில் மாடலும் சீரியல் நம்பரும் எழுதி வாங்கிய பி660-இல் அதே பிராசசர், அதே இன்டர்ஃபேஸ், அதே 128 சாம்பிள். டிக் இல்லை.

முதல் கடைக்காரர்கள் 9,000-ஐத் திருப்பிக் கொடுத்தபோது பழைய போர்டை வாங்கிக்கொண்டார்கள். என்ன செய்வார்கள் என்று தெரியும் என்பதால், கொடுப்பதற்கு முன் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்து அடிப்பக்க மூலையில், ஸ்க்ரூ துளைக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு புள்ளி வைத்தேன். மிளகாய்ச் சிவப்பு. உங்களுக்கு வரும் எச்610-இல் அது தெரிந்தால், பிராசசரைப் பொருத்தாமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.