காட்டுப்பாதைக்கு ஏடிவி: ராஞ்சர் 420, கோடியாக் 450, கிங்க்வாட் 500, ஸ்போர்ட்ஸ்மேன் 570 – எதை எடுக்கலாம்?

நடுத்தர அளவில் ஃபோர் வீல் டிரைவ் ஏடிவி (காட்டுப்பாதையில் ஓட்டும் நான்கு சக்கர வண்டி) ஒன்று வாங்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சிசி எடுக்கலாம்?" என்பதைத்தான். நானும் அதைத்தான் கேட்டேன், அதை வைத்தே முதல் வண்டியையும் எடுத்தேன், இரண்டு வருஷம் ஓட்டிய பிறகுதான் கேள்வியே தப்பு என்று புரிந்தது. மேடு ஏற இந்த வகுப்பில் உள்ள எல்லா வண்டியும் ஏறும். ஈர மண்ணும் உருட்டுக்கல்லும் கலந்த இறக்கத்தில் த்ரோட்டிலிலிருந்து (ஆக்சிலரேட்டர்) கட்டைவிரலை எடுத்ததும் வண்டி என்ன செய்கிறது என்பதில்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியும். அதனால் இங்கே குதிரைத்திறனைப் பின்னால் தள்ளிவிட்டு கியர், டிஃபரென்ஷியல் (இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி), பின் ஆக்சில் இவற்றை முன்னால் வைத்துப் பேசுகிறேன்.

அதற்கு முன்னால் எண்களைப் பற்றி இரண்டு வார்த்தை. வண்டியின் பெயரில் இருப்பது எப்போதும் எஞ்சினின் அளவு இல்லை. யமஹாவின் கோடியாக் 450-க்குள் இருப்பது 421 சிசி எஞ்சின், ஹோண்டாவின் ராஞ்சர் 420-க்கும் அதற்கும் அளவில் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம். சுசுகியின் கிங்க்வாட் 500 என்பது 493, பொலாரிஸின் ஸ்போர்ட்ஸ்மேன் 570 என்பது 567, சிஎஃப்மோட்டோவின் சிஃபோர்ஸ் 600 என்பது 580. கேன்-ஆம் 2023 மாடலாகக் கொண்டுவந்த புது அவுட்லேண்டர் 500, 700 இரண்டிலும் ஒரே 650 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின்தான், ஒன்றில் 40 குதிரைத்திறன், மற்றதில் 50. எடையிலும் இதே குழப்பம் உண்டு: ஹோண்டா, யமஹா, சுசுகி மூன்றும் பெட்ரோல், ஆயில் எல்லாம் நிரப்பிய எடையைப் போடுகின்றன, பொலாரிஸ் போடுவது ஒன்றும் ஊற்றாத வெறும் எடை. ஸ்போர்ட்ஸ்மேனின் சுமார் 320 கிலோவையும் கோடியாக்கின் 290 கிலோவையும் பக்கத்தில் வைத்து "முப்பது கிலோதான் கூட" என்று முடிவு செய்துவிடாதீர்கள், பொலாரிஸின் 17 லிட்டர் டேங்கை நிரப்பினாலே இன்னும் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் ஏறும். சேற்றில் புதைந்த வண்டியைக் கையால் தூக்கித் திருப்ப வேண்டிய நேரத்தில் இந்தக் கணக்கு உங்களுக்கு நன்றாகப் புரியும்.

சரி, கியருக்கு வருவோம். இந்த வகுப்பில் பெரும்பாலான வண்டிகள் பெல்ட்டில் ஓடுகிறவை: இரண்டு கப்பிகள், நடுவில் ரப்பர் பெல்ட், வேகத்துக்கு ஏற்ப கப்பி விரிந்தும் சுருங்கியும் விகிதத்தை மாற்றும். ஓட்ட சுலபம், கவனம் முழுக்க பாதையில் இருக்கலாம். ஹோண்டா மட்டும் பிடிவாதமாகப் பல்சக்கர கியரிலேயே நிற்கிறது. ராஞ்சரில் காலால் கியர் மாற்றும் வகை, இடது கைப்பிடியில் பொத்தானை அழுத்தி மாற்றும் வகை, இரட்டை கிளட்ச் கொண்ட ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் என்று மூன்றும் உண்டு, எதிலும் பெல்ட் கிடையாது. காலால் மாற்றும் வகையிலும் கிளட்ச் லீவர் இல்லை, அது தானாகப் பிடித்துக்கொள்ளும், ஆகவே மோட்டார் பைக் பழக்கம் இல்லாதவர்களும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம்.

பெல்ட்டின் பலவீனம் தண்ணீர். ஒருமுறை முழங்கால் ஆழ ஓடையைக் கடக்கும்போது எனக்கு முன்னால் போன ராஞ்சர் எதுவும் நடக்காதது மாதிரி ஏறிப் போய்விட்டது, நான் ஓட்டிய பெல்ட் வண்டி (எந்த நிறுவனம் என்பது முக்கியமில்லை, எந்தப் பெல்ட் வண்டிக்கும் இது நடக்கும்) நடு ஓடையில் எஞ்சின் கத்த கத்த அசையாமல் நின்றது. பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து வழுக்கிவிட்டது. இழுத்துக் கரையேற்றி, பெட்டியின் அடியில் உள்ள வடிகால் மூடியைக் கழற்றி, நியூட்ரலில் வைத்து எஞ்சினை உயர்த்திச் சுற்றவிட்டுக் காய வைக்க அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து தண்ணீர் அதிகம் உள்ள பாதைக்குப் போகிறவர்கள் கேட்டால் முதலில் ஹோண்டாவைச் சொல்கிறேன்.

ஆனால் பெல்ட் அறுவதற்குப் பெரும்பாலும் தண்ணீர் காரணம் இல்லை, ஓட்டுகிறவர்தான் காரணம். பாறைமேல் ஊர்ந்து ஏறும்போதும் சேற்றில் தள்ளும்போதும் ஹை ரேஞ்சிலேயே (வேகமான ஓட்டத்துக்கான கியர் விகிதம்) வைத்துக்கொண்டு த்ரோட்டிலை அழுத்தினால் பெல்ட் வழுக்கிச் சூடாகி எரியும். ஆள் நடக்கிற வேகத்தில் போகிறீர்கள் என்றால் லோ ரேஞ்சுக்கு (மெதுவான, இழுவை அதிகமான விகிதம்) மாற்றிவிடுங்கள். இதை மட்டும் செய்தால் பெல்ட் பல வருஷம் உழைக்கும். ராஞ்சரில் தனியாக லோ ரேஞ்ச் கிடையாது, முதல் கியரே மிகவும் மெதுவானது, பெரும்பாலான இடத்தில் அது போதும். மிகச் செங்குத்தான இறக்கத்தில் மட்டும் இன்னும் ஒரு படி கீழே இருந்திருக்கலாமே என்று தோன்றும். அது வேண்டுமென்றால் ஒரு படி மேலே ஹோண்டாவின் ரூபிகானுக்குப் போக வேண்டும், அதில் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்கோடு லோவும் உண்டு.

யமஹாவின் பெல்ட் அமைப்பு மற்றவற்றைப் போல இல்லை, நான் கோடியாக்கை இவ்வளவு விரும்புவதற்குக் காரணமே அதுதான். சாதாரண அமைப்பில் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பெல்ட் தளர்ந்து, கப்பி பிடியை விட்டுவிடும், த்ரோட்டிலை விட்டதும் வண்டி சரிவில் சைக்கிள் மாதிரி உருள ஆரம்பிக்கும். யமஹா பிடிப்பதையும் விடுவதையும் தனி கிளட்ச்சுக்குக் கொடுத்துவிட்டு பெல்ட்டை எப்போதும் இறுக்கமாகவே வைத்திருக்கிறது. கூடவே ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் இன்னொரு கிளட்ச்சும் இருப்பதால், ஃபோர் வீல் டிரைவில் போட்டு இறங்கினால் நான்கு சக்கரமும் எஞ்சினால் பிடிக்கப்பட்டு, பிரேக்கைத் தொடாமலேயே வண்டி ஒரே சீராக ஊர்ந்து இறங்கும். ஈரமான வேர்கள் குறுக்கே கிடக்கும் இறக்கத்தில் பிரேக் பிடித்துச் சக்கரம் வழுக்கி, வண்டி பக்கவாட்டில் திரும்பும் அந்தப் பயம் இதில் இல்லை. புதிதாக ஓட்டுகிறவரை நிம்மதியாக இறக்கிக் கொண்டுவரும் வண்டி இதுதான் என்பது என் உறுதியான கருத்து. கிங்க்வாட்டும் இந்த விஷயத்தில் நன்றாகவே பிடிக்கும்.

பொலாரிஸின் வழி வேறு. ஆல் வீல் டிரைவ் பொத்தானைப் போட்டாலும் முன் சக்கரங்கள் சும்மாதான் சுற்றிக்கொண்டிருக்கும், பின் சக்கரம் வழுக்கிய பிறகுதான் முன்பக்கம் தானாகப் பிடிக்கும், பிடித்தால் இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். இதில் எனக்குப் பிடித்தது, சமதளத்தில் ஸ்டீயரிங் லேசாகவே இருக்கும், எப்போது ஃபோர் வீலுக்கு மாற்றுவது என்று யோசிக்கவே வேண்டாம். பிடிக்காதது இறக்கம்: முன்பக்கம் இழுக்க மட்டுமே பிடிக்கும் என்பதால் எஞ்சின் பிரேக்கிங் (த்ரோட்டிலை விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவது) பின் சக்கரங்களோடு நின்றுவிடும். நான்கு சக்கரத்திலும் பிடிக்கும் இறக்கக் கட்டுப்பாடு பொலாரிஸில் சில வகைகளில் மட்டும்தான் வருகிறது. மலைப்பாதைக்கு என்று ஸ்போர்ட்ஸ்மேன் வாங்கினால் அது இருக்கிறதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மற்ற வண்டிகளில் முன் டிஃபரென்ஷியலை எப்படிப் பூட்டுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. ஃபோர் வீல் டிரைவ் என்று எழுதியிருந்தாலும், பூட்டு இல்லாத முன் டிஃபரென்ஷியலில் ஒரு முன் சக்கரம் காற்றில் தொங்கினால் சக்தி அங்கேயே வீணாகிப்போகும். கோடியாக்கிலும் கிங்க்வாட்டிலும் சிஃபோர்ஸிலும் பொத்தானை அழுத்தினால் இரண்டு முன் சக்கரமும் முழுதாகப் பூட்டிக்கொள்ளும் (கோடியாக்கின் எல்லா வகையிலும் இது இல்லை, வகையைப் பார்த்து எடுங்கள்). ராஞ்சரில் இருப்பது ஓரளவு தானாகப் பகிர்ந்துகொள்ளும் டிஃபரென்ஷியல், முழுப் பூட்டு இல்லை. ஹோண்டாவிலேயே ஃபோர்மேனுக்கும் ரூபிகானுக்கும் 2020-ல் 518 சிசி எஞ்சின் வந்தபோதுதான் அந்தப் பூட்டும் வந்தது. பழைய அவுட்லேண்டர் 570-ல் விஸ்கோ-லாக் என்ற அமைப்பு: ஒரு சக்கரம் வேகமாகச் சுற்ற ஆரம்பித்த பிறகு பாகு மாதிரியான திரவத்தின் அழுத்தத்தால் மெல்ல இறுகும். சேற்றில் அது போதும். பாறையில் அந்தக் கால் சுற்று தாமதம் எரிச்சலைத் தரும், ஏனென்றால் அதற்குள் சக்கரம் வழுக்கிப் பாதை மாறியிருக்கும். அந்த வண்டியின் இரட்டை சிலிண்டர் எஞ்சின் 48 குதிரைத்திறன் தருகிறது, அதன் ஓட்டம் இந்தக் கூட்டத்திலேயே மிக இனிமையானது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பின் ஆக்சில் விஷயத்தில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ராஞ்சரின் சாதாரண வகைகளில் பின்னால் ஒரே முழு ஆக்சில். இரண்டு சக்கரமும் சேர்ந்தே ஏறி இறங்கும், நடுவில் தொங்கும் உறைக்குக் கீழே ஆறு அங்குலத்துக்குச் சற்று மேல்தான் இடைவெளி. கோடியாக்கில் ஒன்பதரை, கிங்க்வாட்டில் பத்து, ஸ்போர்ட்ஸ்மேனில் பதினொன்று. பேப்பரில் பார்த்தால் ராஞ்சருக்கு வாய்ப்பே இல்லை. ஆனால் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் பின்னால் நாற்பது கிலோ மூட்டையைக் கட்டினால் வண்டி அமுங்கும், அந்த இடைவெளியும் குறையும். முழு ஆக்சிலில் அதே மூட்டையை ஏற்றினாலும் அந்த ஆறு அங்குலம் ஆறாகவே இருக்கும். பக்கச் சரிவில் குறுக்கே போகும்போதும் முழு ஆக்சில் வண்டி சாயாமல் நிற்கும். பராமரிப்பும் குறைவு, பின்னால் கிழிவதற்கு ரப்பர் உறைகளே இல்லை. ஒரு குச்சி குத்தி ஆக்சில் உறை கிழிந்து, அதைக் கவனிக்காமல் இரண்டு வாரம் ஓட்டி, உள்ளே மணல் போய் இணைப்பையே மாற்ற வேண்டி வந்த பிறகு இதன் அருமை எனக்குத் தெரிந்தது.

அப்படியானால் முழு ஆக்சில்தான் நல்லதா? நாள் முழுக்க கல் பாதையில் உட்கார்ந்து வர வேண்டும் என்றால் இல்லை. ஸ்போர்ட்ஸ்மேனின் பின் சக்கரம் ஒன்பதரை அங்குலம் ஏறி இறங்கும், எழுபது எண்பது கிலோமீட்டர் கரடுமுரடான பாதையை ஓட்டிவிட்டு இறங்கினால் முதுகு அப்படியே இருக்கும். ராஞ்சரில் அதே தூரத்துக்குப் பிறகு உட்காரவே யோசிப்பீர்கள். கோடியாக் இரண்டுக்கும் நடுவில். அதன் நீளம் ஸ்போர்ட்ஸ்மேனைவிடக் குறைவு என்பதால் மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் ஒற்றையடிப் பாதையில் கோடியாக் கைகொடுக்கும் இடம் அதிகம். திறந்த, வேகமான பாதையில் ஸ்போர்ட்ஸ்மேனின் நீளமும் 44 குதிரைத்திறனும் பேசும்.

பவர் ஸ்டீயரிங் கூடுதல் வசதி, அது இல்லாத வகையை எடுத்துப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது திருப்புவதை லேசாக்குவதற்கு மட்டும் இல்லை. முன் சக்கரம் கல்லிலோ வேரிலோ மோதும்போது ஹேண்டில்பார் கையிலிருந்து உதறிக்கொண்டு திரும்பும் வேகத்தை அது விழுங்கிக்கொள்ளும். டிஃபரென்ஷியலைப் பூட்டிய நிலையில் அது இல்லாமல் வண்டியைத் திருப்புவது உடற்பயிற்சிதான். புது வண்டிக்குப் பணம் போதவில்லை என்றால், பவர் ஸ்டீயரிங் இல்லாத புதியதைவிட அது உள்ள பழையதை எடுப்பேன்.

சிஃபோர்ஸ் 600-ஐப் பற்றிச் சுருக்கமாக: பவர் ஸ்டீயரிங், வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்), அலாய் சக்கரம் எல்லாம் கூடவே வருகிறது, மற்றவர்களிடம் இவை தனிச்செலவு. தனியாகப் போகிறவருக்கு வின்ச் பெரிய துணை. உங்களுக்குப் பக்கத்தில் அதன் உதிரிபாகம் கையிருப்பில் வைத்திருக்கும் கடை இருந்தால் யோசிக்கலாம், இல்லையென்றால் ஒரு பேரிங்குக்காக மாதக்கணக்கில் வண்டி நிற்கும்.

ஆக என் வரிசை இது. பெரும்பாலானவர்களுக்கு, குறிப்பாக மரங்கள் அடர்ந்த, ஏற்ற இறக்கமான பாதைக்கு, பவர் ஸ்டீயரிங்கும் டிஃப் லாக்கும் (முன் டிஃபரென்ஷியல் பூட்டு) உள்ள கோடியாக் 450. ஓடையும் சேறும்தான் உங்கள் பாதை, சுமையும் ஏற்றுவீர்கள், வண்டியைப் பதினைந்து வருஷம் வைத்திருக்க நினைக்கிறீர்கள் என்றால் ராஞ்சர், அதிலும் காலால் கியர் மாற்றும் வகை. உயரமும் எடையும் கொஞ்சம் அதிகமான ஆள், நீண்ட தூரம், கல் பாதை என்றால் ஸ்போர்ட்ஸ்மேன். கிங்க்வாட் 500 பழையதாக நல்ல நிலையில் கிடைத்தால் தயங்க வேண்டாம், எஞ்சினை 48 டிகிரி முன்னால் சாய்த்து எடையைக் கீழே வைத்திருக்கிறார்கள், பின் பிரேக் ஆயிலுக்குள் மூடிய தட்டுகள் என்பதால் சேறு தின்னாது.

ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். ஓட்டுவதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள், இந்த வண்டிகளுக்கு ஐந்து பிஎஸ்ஐ அளவில்தான் காற்று, கார் அளவுமானி அதைச் சரியாகக் காட்டாது. கடையில் இறுக்கமாக அடித்து வைத்திருந்தால் நல்ல சஸ்பென்ஷனும் கட்டை மாதிரி இருக்கும், தப்பான முடிவுக்கு வருவீர்கள். பழைய வண்டி என்றால் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து அடியில் வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள், முன் டிஃபரென்ஷியல் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து ஆட்டி லொடலொடப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் யாரையும் ஏற்றாமல், நல்ல சரிவு ஒன்றின் உச்சிக்குப் போய், லோவில் போட்டு (ராஞ்சர் என்றால் முதல் கியரில்), பிரேக் லீவர்மேல் விரலைத் தயாராக வைத்துக்கொண்டு த்ரோட்டிலை முழுக்க விட்டுவிட்டு இறங்குங்கள். கீழே வருவதற்குள் எத்தனை தடவை பிரேக்கைத் தொட்டீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள், அடுத்த வண்டியிலும் அதே சரிவில் அதையே செய்யுங்கள்.